டிரிபிள் நெட்: வாங்குவது கட்டடமா, கையெழுத்தா?

அமெரிக்காவில் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்து, வீட்டுக் கடனில் பாதியை அடைத்துவிட்ட நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சொல் எப்படியும் வந்து விழுகிறது. "அண்ணா, பேசாம டிரிபிள் நெட்ல போட்டுடுங்க. குழாய் ஒழுகுதுன்னு ராத்திரி போன் வராது. வரி, இன்சூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் கடைக்காரன் தலையில. மாசம் பொறந்தா காசு."

ஒரு கடைக் கட்டடத்தை வாங்கி, அதன் செலவுகளையும் வாடகைதாரரே ஏற்கும்படி வாடகைக்கு விடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் ஏதாவது ஒரு லீஸில் உண்மைதான். கேட்பவர்தான் ஒரு படி தாண்டிப் போய்விடுகிறார். 'வேலை இல்லை' என்பதை 'ஆபத்து இல்லை' என்று காதில் வாங்கிக்கொள்கிறார். இரண்டும் வேறு வேறு. வேலையைக் கடைக்காரர் தலையில் கட்டலாம். ஆபத்தில் ஒரு பங்குதான் அவருக்குப் போகும். மிச்சம் உரிமையாளரிடமே தங்கும், அதுவும் பத்து வருடம் சத்தம் போடாமல்.

கார் லீஸிலிருந்து தொடங்குவோம்

கார் லீஸ் எடுத்திருப்பவருக்கு டிரிபிள் நெட் பாதி புரிந்த மாதிரிதான். கார் லீஸ் கம்பெனியின் பெயரில் இருக்கிறது. நீங்கள் மாதாமாதம் ஒரு தொகை கட்டுகிறீர்கள். அதற்கு மேல் இன்சூரன்ஸும் உங்கள் செலவு, ஆயில் மாற்றுவதும் உங்கள் செலவு, டயர் தேய்ந்தாலும் உங்கள் செலவு. லீஸ் கம்பெனி எந்த மெக்கானிக்கோடும் மல்லுக்கு நிற்பதில்லை. தவணைப் பணம் அப்படியே அதற்குப் போய்ச் சேர்கிறது.

ஆனால் அந்தக் கம்பெனிக்கும் இரண்டு கவலை உண்டு. ஒன்று, நீங்கள் கடைசித் தவணைவரை ஒழுங்காகக் கட்டுவீர்களா? இரண்டு, மூன்று வருடம் கழித்து சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பழைய கார் என்ன விலைக்குப் போகும்? அந்த விலையை முன்கூட்டியே கணித்துத்தான் தவணையை வைத்திருக்கிறார்கள். கணக்கு தப்பினால் நஷ்டம் அவர்களுக்கு.

டிரிபிள் நெட் சொத்தில் நீங்கள் அந்த லீஸ் கம்பெனியின் நாற்காலியில் உட்காருகிறீர்கள். கட்டுபவர் கடைசிவரை கட்டுவாரா, கட்டி முடித்தபின் கையில் மிஞ்சுவது என்ன பெறும் என்ற இரண்டு கேள்விகள்தான் உங்களுக்கும். ஒரு சொத்தை எடைபோட இவை போதும். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டுக்கும் பதில் தேடும் வழிகள்.

மூன்று 'நெட்' எவை?

அமெரிக்காவில் கடை, உணவகம், மருந்துக்கடை போன்ற வணிகக் கட்டடங்களை வாடகைக்கு விடும்போது, செலவை யார் ஏற்பது என்பதை வைத்து லீஸுக்குப் பெயர் வைக்கிறார்கள். எல்லாச் செலவும் வாடகைக்குள் அடங்கினால் அது கிராஸ் லீஸ். அடிப்படை வாடகையோடு சொத்துவரி, கட்டடக் காப்பீடு, பராமரிப்பு ஆகிய மூன்றையும் வாடகைதாரரே தனியாகக் கட்டினால் அது டிரிபிள் நெட். ஆங்கிலத்தில் மூன்று 'என்' போட்டு எழுதுவார்கள். வரியும் காப்பீடும் மட்டும் அவர் பொறுப்பு, பராமரிப்பு உரிமையாளருக்கு என்றால் டபுள் நெட். கூரை, அஸ்திவாரம் உட்பட ஒன்றுவிடாமல் வாடகைதாரரே பார்ப்பது அப்சல்யூட் நெட்.

தலைவலி இங்கேதான் ஆரம்பம். இந்தப் பெயர்களுக்குச் சட்டத்தில் முத்திரை குத்திய ஒரே விளக்கம் கிடையாது. விளம்பரத்தில் டிரிபிள் நெட் என்று போடுவது தரகரின் வழக்கு. உங்களைக் கட்டுப்படுத்துவது லீஸின் வாசகம்.

நான் முதன்முதலில் உட்கார்ந்து முழுசாகப் படித்த லீஸ் இன்னும் நினைவிருக்கிறது. விற்பனைக் கையேடு வழவழப்பாக இருந்தது. கடையை வானத்திலிருந்து எடுத்த படம். மூன்றாம் பக்கத்தில் தடித்த எழுத்தில், 'உரிமையாளருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.' லீஸைத் தனியாகக் கேட்டு வாங்கினேன். இருபதாம் பக்கத்தைத் தாண்டி ஓர் உட்பிரிவில் இரண்டே வரி: கூரை, வெளிச்சுவர், அஸ்திவாரம் மூன்றும் உரிமையாளர் பராமரிக்க வேண்டியவை. அடுத்த பத்தியில் இன்னொரு நயமான வரி. ஏசியைப் பழுதுபார்ப்பது வாடகைதாரர். லீஸின் கடைசி இரண்டு வருடத்தில் புதிதாக மாற்ற வேண்டி வந்தால் உரிமையாளர். பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் வீட்டில் பேசும்போது ஒன்றுதான். லீஸில் அவற்றுக்கிடையே பல்லாயிரம் டாலர் இடைவெளி. பத்தாயிரம் சதுர அடித் தட்டைக் கூரையை முழுசாக மாற்றினால் ஒரு வருட வாடகை போனாலும் போகும். தரகரிடம் கேட்டேன். "அது ரொம்பச் சாதாரணம் சார்" என்றார். சாதாரணம்தான், மறுக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் ஏன் இல்லை என்பதற்குத்தான் பதில் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 'வரியை வாடகைதாரர் கட்டுவார்' என்பது உங்களுக்கும் அவருக்கும் நடுவே உள்ள ஏற்பாடு. கவுண்ட்டி அலுவலகத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அவர் கட்டாமல் விட்டால் பாக்கி விழுவது உங்கள் சொத்தின் மீது. ஆகவே ஒரு வேலையும் இல்லாத உரிமையாளர்கூட வருடம் ஒருமுறை வரி ரசீதையும், தன் பெயர் சேர்க்கப்பட்ட காப்பீட்டுச் சான்றையும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: செலவை வாடகைதாரர் மேல் ஏற்றும் ஏற்பாட்டுக்குப் பெயர் டிரிபிள் நெட். எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பது லீஸுக்கு லீஸ் மாறும். கையேட்டை நம்பி அதை முடிவுசெய்ய முடியாது.

விலை எப்படி வருகிறது?

ஒரே ஒரு கற்பனைக் கடையைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் சதுர அடி, தனிக் கட்டடம், ஒரே வாடகைதாரர். செலவெல்லாம் போக வருடத்துக்கு உரிமையாளர் கைக்கு வருவது 1,20,000 டாலர். கடன் தவணைக்கும் வருமான வரிக்கும் முந்தைய இந்தத் தொகைக்கு நிகர இயக்க வருமானம் என்று பெயர். விற்பவர் கேட்கும் விலை 20 லட்சம் டாலர்.

வருமானத்தை விலையால் வகுத்தால் 6 சதவீதம். இதுதான் கேப் ரேட். கடன் எதுவும் வாங்காமல் முழுப் பணமும் போட்டு வாங்கினால் முதல் வருடத்தில் போட்ட பணத்துக்கு எத்தனை சதவீதம் வரும் என்பதைச் சொல்லும் எண். முதல் வருடம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பத்தாவது வருடத்தைப் பற்றி இந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

பலர் கேப் ரேட்டை வங்கி வட்டி மாதிரி பார்க்கிறார்கள். ஐந்தரையைவிட எட்டு நல்லது என்று நினைக்கிறார்கள். சந்தை யாருக்கும் சும்மா இரண்டரை சதவீதம் தூக்கிக் கொடுக்காது. எட்டு கிடைக்கிறது என்றால் வாங்க வந்த மற்றவர்கள் எதையோ பார்த்துத் தயங்கியிருக்கிறார்கள். லீஸ் முடிய இரண்டே வருடம் இருக்கலாம், ஊரே காலியாகிக்கொண்டிருக்கலாம், வாடகைதாரரின் நிதிநிலை ஆட்டம் கண்டிருக்கலாம். கேப் ரேட்டை மற்றவர்களின் பயத்தை அளக்கும் தெர்மாமீட்டராகப் பார்ப்பது என் வழக்கம்.

இந்த எண் ஊர் வட்டி விகிதத்தோடு சேர்ந்து ஆடும். அமெரிக்க அரசின் பத்து வருடக் கடன் பத்திரம் 2020 ஆகஸ்டில் அரை சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2023 அக்டோபரில் அதே பத்திரம் 5 சதவீதத்தைத் தொட்டது. அரசிடமே 5 கிடைக்கும்போது, ஒரு கடையை நம்பி 6க்கு யார் வருவார்கள்? வாங்குபவர்கள் 7 கேட்பார்கள். வாடகை அதே 1,20,000 என்றால், 7 சதவீதத்தில் நம் கடையின் விலை ஏறத்தாழ 17 லட்சத்து 14 ஆயிரம். கூரை ஒழுகவில்லை, கடைக்காரர் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை. இருந்தும் 2,85,000 டாலருக்கு மேல் போய்விட்டது.

பத்து வருடம் வைத்திருந்து இந்த விலைக்கு விற்றால், அதுவரை வாங்கிய மொத்த வாடகை 12 லட்சத்தில் கிட்டத்தட்ட கால்வாசியைத் திருப்பிக் கொடுத்ததற்குச் சமம்.

ஏறாத வாடகை

இதை ஆபத்து என்றே நிறைய பேர் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய சங்கிலிக் கடைகள் சிலவற்றின் லீஸில் முதல் பதினைந்து வருடம் வாடகை ஒரு காசுகூட ஏறாது. வருமானம் நிலையாக இருக்கிறது என்று கையேடு அதைப் புகழும்! விலைவாசி வருடம் 3 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், பதினைந்தாவது வருடம் கைக்கு வரும் 1,20,000 டாலர் இன்றைய 77,000 டாலருக்குத்தான் ஈடாகும். 'ஐந்து வருடத்துக்கு 10 சதவீதம் உயர்வு' என்று போட்டிருந்தால் கேட்க நன்றாக இருக்கும். வருடக் கணக்கில் பார்த்தால் அது 2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. வாடகை உயர்வுப் பிரிவை எஸ்காலேஷன் என்பார்கள். கேப் ரேட்டுக்கு அடுத்தபடியாக லீஸில் நான் தேடுவது அதைத்தான்.

'35 வருட லீஸ்' என்ற பேச்சையும் இதோடு தீர்த்துவிடலாம். அநேகமாக அது 15 வருடமும், அதற்குப் பின் நான்கு முறை ஐந்தைந்து வருட ஆப்ஷனுமாக இருக்கும். ஆப்ஷன் என்றால் நீட்டிக்கும் உரிமை. உரிமை யாருக்கு? வாடகைதாரருக்கு மட்டும். ஊர் செழித்தால் பழைய வாடகையில் நீட்டிப்பார். ஊர் படுத்தால் போய்விடுவார். உங்களுக்கு உறுதியானது 15 மட்டுமே. அதிலும் நீங்கள் வாங்கும் நாளில் எத்தனை மீதம் என்று பாருங்கள்.

கையெழுத்து யாருடையது?

இனி முதல் கேள்விக்கு வருவோம்: கட்டுபவர் கடைசிவரை கட்டுவாரா?

கடை வாசலில் ஒளிரும் பெயர் ஒன்று. லீஸின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட பெயர் வேறொன்றாக இருக்கலாம். அமெரிக்காவின் துரித உணவகங்களில் பெரும்பங்கு பிராஞ்சைஸ் எடுத்தவர்கள் நடத்துபவை. பலகையில் உலகப் புகழ் பெற்ற சின்னம் இருக்கும். லீஸில் இருப்பது அந்த ஒரு கடைக்காகத் தொடங்கிய எல்எல்சி, அதாவது தன் கடனுக்குத் தன் சொத்தை மட்டுமே பொறுப்பாக்கும் தனி நிறுவனம். அதன் சொத்து, நாலு அடுப்பும் ஒரு வங்கிக் கணக்கும்தான் என்றும் இருக்கலாம். கடை நொடித்தால் தாய்க் கம்பெனி ஒரு டாலர் தர வேண்டியதில்லை. தாய்க் கம்பெனியோ, பல கடைகள் நடத்தும் பெரிய பிராஞ்சைஸ் நிறுவனமோ 'அவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்' என்று தனியாக எழுதிக் கொடுப்பதுதான் கேரண்டி. அது இருக்கிறதா, எத்தனை வருடத்துக்கு, லீஸ் இன்னொருவர் கைக்கு மாறினால் தொடருமா என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

பெரிய பெயர் என்றால், கடனை அடைக்கும் திறனுக்குத் தரும் ரேட்டிங்கைப் பார்க்கலாம். ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் என்ற தர மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் 'பிபிபி மைனஸ்' வரை முதலீட்டுத் தரம். அதற்குக் கீழே போனால் சந்தை அதை ஜங்க் என்கிறது. ஆனால் ரேட்டிங் இன்றைய நிலையைச் சொல்லுமே தவிர, உங்கள் லீஸின் பன்னிரண்டாவது வருடத்துக்கு உத்தரவாதம் தராது. டிரிபிள் நெட் உலகில் தங்கமாக நினைத்துப் பேசிய வால்கிரீன்ஸ் மருந்துக்கடைகளைப் பாருங்கள். முதலீட்டுத் தர ரேட்டிங்கை அந்தக் கம்பெனி இழந்தது. 2024 அக்டோபரில், அடுத்த மூன்று வருடத்தில் சுமார் 1,200 கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. இன்னொரு பெரிய மருந்துக்கடைச் சங்கிலியான ரைட் எய்ட் 2023 அக்டோபரில் திவால் மனு போட்டு, மீண்டு, 2025 மே மாதம் மறுபடி போட்டு, அதே வருடம் எல்லாக் கடைகளையும் மூடிவிட்டது.

திவால் என்றால் உரிமையாளருக்கு என்ன ஆகும் என்பதைப் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். 'இன்னும் பத்து வருட லீஸ் இருக்கிறதே, முழுவதையும் கேட்டு வழக்குப் போடலாமே' என்கிறார்கள். முடியாது. அமெரிக்கத் திவால் சட்டப்படி வாடகைதாரர் வேண்டிய லீஸை வைத்துக்கொண்டு வேண்டாததை உதறலாம். உதறிய லீஸுக்கு எதிர்கால வாடகை இழப்பாக உரிமையாளர் கோரக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு வருட வாடகை, அல்லது மீதிக் காலத்தில் 15 சதவீதம் (அதுவும் மூன்று வருட வாடகையைத் தாண்டாமல்), இவற்றில் எது பெரிதோ அது. அந்தத் தொகையும் கைக்கு வந்துவிட்டதாக அர்த்தமில்லை. பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நின்று, மிஞ்சியதில் பங்கு வாங்க வேண்டும்.

எந்தக் கடையின் லீஸ் முதலில் உதறப்படும்? லாபம் தராத கடையுடையதும், வாடகை அளவுக்கு மீறிய கடையுடையதும்தான். ரெட் லாப்ஸ்டர் உணவகச் சங்கிலியின் கதை இதற்குப் பாடம். 2014இல் கோல்டன் கேட் என்ற முதலீட்டு நிறுவனம் அதைச் சுமார் 210 கோடி டாலருக்கு வாங்கியது. கையோடு உணவகங்களின் நிலத்தையும் கட்டடத்தையும் சுமார் 150 கோடிக்கு ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்திடம் விற்று, அதே இடங்களில் டிரிபிள் நெட் வாடகைக்கு உட்கார வைத்தது. 2024 மே மாதம் ரெட் லாப்ஸ்டர் திவால் மனு போட்டது. ஊரெல்லாம் 'அளவில்லா இறால்' சலுகையைச் சொல்லிச் சிரித்தது. இறாலுக்கும் பங்கு உண்டுதான். சந்தையைவிட அதிகமான வாடகை பல கடைகளில் இருந்ததையும் கம்பெனியே நீதிமன்றத்தில் காரணமாகச் சொன்னது.

ஆகவே 'என் வாடகைதாரர் நிறைய வாடகை தருகிறார்' என்பது பெருமைப்பட மட்டுமேயான செய்தி அல்ல. அந்தக் கடையின் விற்பனை எவ்வளவு, அதில் வாடகை எத்தனை சதவீதம் என்று தெரிந்தால் நல்லது. எல்லா வாடகைதாரரும் சொல்ல மாட்டார்கள். லீஸில் விற்பனையை அறிவிக்கும் பிரிவு இருந்தால் அது புதையல்.

சுருக்கமாக: பலகையை விட்டுவிட்டுக் கையெழுத்தைப் பாருங்கள், கேரண்டியைப் பாருங்கள். பிறகு, கம்பெனி நூறு கடையை மூட உட்கார்ந்தால் உங்கள் கடை அந்தப் பட்டியலில் வருமா என்று யோசியுங்கள்.

இரண்டாவது கணக்கு

வாங்கும்போது எல்லோரும் போடுவது முதல் கணக்கு: வாடகை, கேப் ரேட், விலை. வாடகைதாரர் போய்விட்டால் என்ன என்ற இரண்டாவது கணக்கைப் போடுபவர்கள் குறைவு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நம் கடைக்கே திரும்புவோம். பத்தாயிரம் சதுர அடிக்கு 1,20,000 டாலர் என்றால் சதுர அடிக்கு வருடம் 12 டாலர். அதே சாலையில் அந்த மாதிரிக் காலி இடத்துக்குப் புதிதாக வருபவர் 7 டாலர்தான் தருவார் என்று வைத்துக்கொள்வோம். புது வருமானம் 70,000. சின்னப் பெயர், குறைந்த கால லீஸ் என்பதால் வாங்குபவர் 8 சதவீதம் எதிர்பார்ப்பார். விலை 8,75,000 டாலர். 20 லட்சத்துக்கு வாங்கியது!

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவிலுள்ள 11,25,000 டாலர் மண்ணிலும் இல்லை, செங்கல்லிலும் இல்லை. அது கையெழுத்துக்குக் கொடுத்த விலை. லீஸ் ஓட ஓட அந்தப் பகுதி உருகிக்கொண்டே வரும். பதினைந்து வருடம் மீதமிருக்கும்போது யார் கண்ணிலும் படாது. மூன்று வருடம் மீதமிருக்கும்போது வாங்க வருபவரும் வங்கியும் வேறெதையும் பார்க்க மாட்டார்கள்.

இடைவெளி சின்னதாக இருக்கும் சொத்துகளும் உண்டு. நல்ல முச்சந்தி, சந்தை வாடகைக்கே கொடுத்த லீஸ், வேறு கடைக்கும் பொருந்தும் கட்டடம் என்றால் வாடகைதாரர் போவது சிலசமயம் அதிர்ஷ்டமாகவும் முடியும். கேப் ரேட் ஐந்துக்குக் கீழே இருந்தாலும் அப்படிப்பட்டதைப் பார்க்கலாம் என்பது என் கட்சி. மாறாக, ஒருவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரியான கட்டடங்கள் இருக்கின்றன. கார் கழுவும் நிலையத்தை அவர் போனபின் வேறு என்னவாக மாற்றுவது?

வாடகைதாரர் போனபின் வரும் முதல் பில்லையும் நினைத்துப் பாருங்கள். மூன்று 'நெட்'டும் அன்றே உங்களிடம் திரும்பிவிடும். சொத்துவரி, காப்பீடு, பனி அள்ளுவது, பார்க்கிங் விளக்கு எல்லாம். அதற்கு மேல் புது ஆள் தேடும் தரகுக் கூலி, உள்வேலை செலவு.

கடையை மூடிவிட்டு வாடகையை மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் வாடகைதாரரும் உண்டு. 'டார்க்' என்பார்கள். பல லீஸ்களில் கடையைத் திறந்து வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்காது. பணம் வரும், ஆனால் லீஸ் முடிகிற தேதி ஒரு சுவர் மாதிரி எதிரே நிற்கும்.

இதையெல்லாம் பெரிய நிறுவனங்கள் எப்படித் தாங்குகின்றன? 1969இல் ஒரு டாகோ பெல் கடைக் கட்டடத்தோடு தொடங்கிய ரியால்டி இன்கம் நிறுவனத்திடம் இன்று 15,000க்கும் மேற்பட்ட சொத்துகள் இருக்கின்றன. அதில் நூற்றுக்கு ஓரிரண்டு காலியாக இருந்தால் அது அறிக்கையில் ஒரு வரி. உங்களிடம் இருப்பது ஒரே கடை. ஒன்று நூறு சதவீதம் நிரம்பியிருக்கும், இல்லையேல் நூறு சதவீதம் காலி.

கடன் சேர்ந்தால் கணக்கு மாறும்

20 லட்சத்தில் 12 லட்சத்தை வங்கியிடம் வாங்குவோம். வட்டி ஆறரை சதவீதம், 25 வருடத்தில் அடையும் தவணை. மாதம் சுமார் 8,100 டாலர், வருடத்துக்குச் சுமார் 97,200. வருமானம் 1,20,000. மிச்சம் 22,800. கையிலிருந்து போட்ட 8 லட்சத்துக்கு அது 3 சதவீதம்கூட இல்லை. முதல் வருடத் தவணையில் 20,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக அசல் அடைகிறது என்பது ஆறுதல். ஆனாலும் 6 சதவீதம் தரும் பொருளை ஆறரை சதவீதக் கடனில் வாங்கினால் கடன் உங்கள் லாபத்தைக் கூட்டாது, அரிக்கும்.

வங்கி தன் பங்குக்கு ஒரு விகிதம் பார்க்கும். வருமானம் தவணையைப் போல எத்தனை மடங்கு என்பது அது. பல வங்கிகள் 1.25 எதிர்பார்க்கும். நம் கடைக்கு வருவது 1.23. இந்தக் கடனே கிடைக்காமல் போகலாம். சொந்தப் பணம் இன்னும் கொஞ்சம் போடச் சொல்வார்கள். அந்த வகையில் வங்கிக்காரர் சில நேரம் நம்மைவிட நமக்கு நல்லது செய்கிறார்.

வரிச் சலுகையின் இன்னொரு முகம்

வரி விஷயத்தைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன், அது உங்கள் கணக்காளரின் பேட்டை. குடியிருப்பு அல்லாத கட்டடத்தின் விலையை, வரிக்குரிய வருமானத்திலிருந்து 39 வருடத்தில் தேய்மானமாகக் கழிக்கலாம், நிலத்தின் விலையைக் கழிக்க முடியாது. கட்டடம் வாடகைதாரருடையது, நிலம் மட்டும் உங்களுடையது என்ற கிரவுண்ட் லீஸ் வாங்கினால் கழிக்கக் கட்டடமே இல்லை. இது தெரியாமல் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

1031 எக்ஸ்சேஞ்ச் பற்றி மட்டும் கொஞ்சம். ஒரு முதலீட்டுச் சொத்தை விற்ற லாபத்துக்கு உடனே வரி கட்டாமல், அந்தப் பணத்தை இன்னொரு சொத்தில் போட்டு வரியைத் தள்ளிவைக்கும் வழி அது. தள்ளிவைப்புதான், தள்ளுபடி அல்ல. விற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் எதை வாங்கப்போகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், 180 நாளுக்குள் வாங்கி முடிக்க வேண்டும். நாற்பதாவது நாள் மனிதனுக்குக் கூரைப் பிரிவெல்லாம் கண்ணில் படாது. விற்பவருக்கும் அது தெரியும். வரியை மிச்சம் பிடிக்க ஓடி, அதைவிட அதிகமாக விலையில் விட்டவர்கள் இந்தச் சந்தையில் நிறைய.

நேரில் போய்ப் பார்ப்பது

ஒப்பந்தம் முடியும் முன் வாடகைதாரரிடமிருந்து எஸ்டாப்பல் சான்று வாங்குங்கள். லீஸ் இன்னும் அமலில் இருக்கிறது, வாடகை இவ்வளவு, இத்தனாம் தேதிவரை கட்டியாகிவிட்டது, உரிமையாளர் மீது பாக்கிப் புகார் இல்லை என்று அவரே எழுதித் தரும் காகிதம் அது. விற்பவர் வாயால் சொன்னதும் அதில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். மண்ணில் ரசாயனக் கசிவு உண்டா என்று பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்க்கும் முதல்கட்டச் சுற்றுச்சூழல் ஆய்வும் வேண்டும். முன்பு அங்கே ட்ரை கிளீனிங் கடை இருந்திருந்தால் மிகவும் முக்கியம். 1980இன் சூப்பர்ஃபண்ட் சட்டம், அழுக்கைக் கொட்டியது யாராக இருந்தாலும் இன்றைய உரிமையாளரையும் சுத்தம் செய்யச் சொல்லிப் பிடிக்கலாம்.

பிறகு விமான டிக்கெட் போட்டு அந்த ஊருக்கே போங்கள். 20 லட்சம் டாலர் சொத்தைக் கூகுள் வரைபடத்தில் பார்த்தே வாங்குபவர்களை எனக்குத் தெரியும். ஒரு வாரநாள் சாயங்காலம் கார் பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை கார் வருகிறது, வந்தவர்கள் பையோடு திரும்புகிறார்களா, தார்ப்பரப்பில் எத்தனை வெடிப்பு, அலமாரிகள் பாதி காலியா என்று பாருங்கள்.

அதே சாலையில் இரண்டு மைல் மெதுவாக ஓட்டுங்கள். பழைய மருந்துக்கடை ஒன்று கண்ணில் படும். பெயர்ப் பலகையைக் கழற்றியிருப்பார்கள், ஆனால் எழுத்துகள் இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் சுவரில் அப்படியே தெரியும். எந்தக் கம்பெனி என்று இன்னும் வாசிக்கலாம். கண்ணாடியில் 'வாடகைக்கு' என்ற அட்டையும் ஒரு போன் நம்பரும் ஒட்டியிருக்கும். அந்த நம்பரைக் கூப்பிட்டு, சதுர அடிக்கு எவ்வளவு கேட்கிறீர்கள், எத்தனை மாதமாகக் காலி என்று கேளுங்கள். நம் இரண்டாவது கணக்கில் 7 டாலர் என்று நான் சும்மா போட்ட இடத்தில் போடவேண்டிய எண் அவர் சொல்லும் பதில்தான்.